சும்மாடு இருக்கணும்

எங்கள் தெருவில் மீன் விற்கிற கோவிந்தம்மாவின் குரல், திருவொற்றியூர்த் தேரடி வரைக்கும் கேட்கும் என்பார்கள். "சங்கரா, நெத்திலி, எறா…" என்று அவர் இழுக்கிற இழுப்பில் பூனைகள்கூட மாடிப்படி இறங்கி வந்துவிடும். அப்படிப்பட்ட குரல் ஒரு சமயம் எங்கள் தெருவில் மட்டும் நின்றுபோயிற்று.

என் வீட்டுக்காரர் அமீருதீன் துறைமுகத்துக் குடோனில் மூட்டை தூக்கும்போது முதுகு பிடித்துப் படுக்கையில் கிடந்த நேரம் அது. ராத்திரி முழுக்க வலி இருக்கும். விடிந்து வெயில் ஏறினபிறகுதான் அவருக்குக் கண் அசரும். நான் அவரைப் பார்க்கிற வேலையில் குரல் நின்றதைக் கவனிக்கவேயில்லை. எதிர்வீட்டு ராமசெல்விதான் மீன் வரவில்லை என்று பொறுமை இழந்து, பக்கத்துத் தெருவில் கோவிந்தம்மாவை மடக்கிக் கேட்டிருக்கிறாள்.

"இன்னாக்கா, எங்க தெரு கசந்துபோச்சா உனுக்கு?"

"தெனம் வந்துகினுதான் கீறேன். வாயத் தொறக்கல, அவ்ளோதான். பாய் தூங்கற நேரத்துல கூவிக்கினு வந்து எழுப்பி வுட சொல்றியா? உனுக்கு மீனு வோணும்னா வாசல்ல நில்லு."

தலையில் கூடையோடு, வாய் திறக்காமல், எங்கள் தெருவை அவர் தினமும் தாண்டிப் போயிருக்கிறார். ராமசெல்வி சொன்னபிறகு நான் போய் நன்றி சொன்னேன். "அத்த வுடுமே. தொண்ட கட்டிக்கிச்சு" என்று மீனைக் கூறு போடுவதுபோலக் குனிந்துகொண்டார். அன்றையிலிருந்து எனக்கு அவர் மீன்காரம்மா இல்லை, அக்கா.

அக்காவுக்கு ஊர் எண்ணூர்ப் பக்கம் ஒரு குப்பம். புருஷன் கடலுக்குப் போனவர், காலமாகிவிட்டார். ஒரே மகள் நர்மதாவைக் குப்பத்திலேயே கட்டிக்கொடுத்திருந்தார்கள். அக்கா கருக்கலில் காசிமேட்டுக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, அலுமினியக் கூடையில் நிரப்பி, திருவொற்றியூரில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கி நடக்க ஆரம்பிப்பார். கூடையை இறக்கினால் மறுபடி தலையில் ஏற்ற இன்னொருவர் கை வேண்டும். எங்கள் வாசலில் அந்தக் கை பெரும்பாலும் என்னுடையது. பழைய சேலையைக் கிழித்து முறுக்கி வட்டமாகச் சுற்றிய சும்மாட்டைத் தலையில் வைத்து, அதன்மேல் கூடையை ஏற்றி, இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு அவர் நடந்து போகிறதைத் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். கூடை ஆடாது.

அப்புறம் ஒரு விடியற்காலை, அவர்கள் குப்பத்தில் காஸ் வாடை பரவியது. எங்கிருந்து வந்தது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சனங்கள் துணியை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெரிய ரோட்டுக்கு ஓடினார்கள். அக்காவுக்கு ஓடுகிற வழியிலேயே மூச்சு நின்றுபோனது மாதிரி ஆகி உட்கார்ந்துவிட்டார். யாரோ டிரெய்லர் டிரைவர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனாராம். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வாடை போனபிறகும் பயம் போகவில்லை.

"எனுக்கு இப்பல்லாம் மூச்சு தானா வர்றதில்ல மலிகா" என்பார். "மொதல்ல மோந்து பாக்கறேன். நல்ல காத்துதான்னு தெரிஞ்சாதான் உள்ள வுடறேன்."

பேசிக்கொண்டே இருக்கும்போது முந்தானை மூக்குக்குப் போய்விடும். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். மீன்வாடைக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்தவர், ஊதுவத்தி வாசனைக்குக்கூட மெர்சலாகிற நிலைமைக்கு வந்துவிட்டார்.

அதோடு கண்ணும் சேர்ந்துகொண்டது. அக்காவுக்கு வலது கண்ணில் சின்ன வயசிலேயே பூ விழுந்து பார்வை கிடையாது. இருந்தது இடது கண் ஒன்றுதான். அதிலும் புரை மூடிக்கொண்டு வந்தது. வேகத்தடை தெரியாமல் ஒருநாள் கூடையோடு விழுந்தார். நர்மதா அழுது சண்டை போட்டு, தெருத்தெருவாக நடப்பதை நிறுத்திவிட்டாள். அன்றுமுதல் அக்கா எங்கள் தெருமுனையில் பலகை போட்டு உட்கார்ந்து விற்க ஆரம்பித்தார். உட்கார ஆரம்பித்தபிறகு படபடப்பு ஜாஸ்தியானதே தவிர குறையவில்லை.

கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். நானும் கூடப் போனேன். உள்ளே போன கொஞ்ச நேரத்திலேயே அக்கா வெறுங்காலோடு வெளியே வந்துவிட்டார். படுக்கவைத்து, கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்ட துணியால் முகம் முழுக்க மூடியிருக்கிறார்கள். மூக்கும் வாயும் துணிக்கு அடியில் போனதும் இவர் துணியைப் பிடுங்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. நர்மதாவைக் கூப்பிட்டுப் பொறுமையாகச் சொன்னார். "கத்தி வெச்சிருக்கும்போது இப்படி எழுந்தாங்கன்னா கண்ணே போயிடும். இருக்கறது ஒரே கண்ணு. மயக்க மருந்து கொடுத்துச் செய்யலாம்னா ப்ரஷர் இந்த உயரத்துல நிக்குது. மனச அமைதிப்படுத்தக் கத்துக்கட்டும். ரெண்டு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க. ரொம்பத் தள்ளிப்போட முடியாது."

பஸ்ஸில் வரும்போது அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "மன்ச அமைதியாக்கறதுன்னா இன்னாமே? மார்க்கெட்டுல எங்க விக்கிது?" என்றார். சிரிப்பதற்காகச் சொன்னதுதான். எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

எனக்குத் தெரிந்த அமைதி ஒன்றுதான். தொழுகை முடிந்து தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு ரப்பின் பெயரைச் சொன்னால் என் உள்ளம் அடங்கிவிடும். அந்தச் சுகம் அக்காவுக்கும் கிடைக்கட்டும் என்று வெள்ளைப்பாசி மாலை ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

"உங்க சாமி பேரச் சொல்லி ஒவ்வொரு மணியா தள்ளுங்கக்கா."

நல்ல மனசோடுதான் ஆரம்பித்தார். "அங்காளம்மா, அங்காளம்மா" என்று கொஞ்சதூரம் போனது. அப்புறம் பார்த்தால் உதடு வேறெதையோ சொல்கிறது. காதைக் கிட்டே வைத்தேன். "லாபம், ரெண்டு, மூணு, நாலு…" வியாபாரிகள் ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்றுதான் எண்ண ஆரம்பிப்பார்கள்.

"இன்னாக்கா எண்றீங்க?"

"நேத்து அந்த மூலவூட்டுக்காரி அஞ்சு சங்கரா எட்த்துக்கினு நாலுன்னு சொல்லிட்டாமே. இப்பதான் ரோசனைக்கு வருது" என்றார். மணி மாலை மீன் கணக்குக்குத்தான் உதவியது. "உனுக்கு ஒத்துக்கினது எனுக்கு ஒத்துக்கல. கோச்சிக்காத" என்று திருப்பிக் கொடுத்தார்.

ராமசெல்வி விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்காரச் சொன்னாள். ஒற்றைக் கண், அதிலும் புரை. விளக்கு அவருக்கு நாலு விளக்காகத் தெரிந்தது. "எந்த வெளக்கப் பாக்கறது, சண்ட போட்டுக்குதுங்க" என்று எழுந்துவிட்டார்.

கடைசியில் என் வீட்டுக்காரர்தான் டீக்கடையில் ஒட்டியிருந்த நோட்டீசைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். சனிக்கிழமை சாயங்காலம் சமுதாயக் கூடத்தில் தியானம் சொல்லிக்கொடுக்கிறார்கள், காசு கிடையாது, எந்த மதமும் கிடையாது. நடத்துகிறவர் பெயர் அருள்நாதன். பெரம்பூர் ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான மனுஷர், சத்தமில்லாமல் பேசுவார்.

முதல் சனிக்கிழமை எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னார். "மூச்ச கவனிங்க. உள்ள வருது, வெளிய போவுது. வேற ஒண்ணும் செய்ய வேணாம்."

அக்காவுக்கு அதைவிடக் கொடுமை வேறில்லை. மறந்திருந்த மூச்சை ஞாபகப்படுத்திவிட்டார். இரண்டாவது மூச்சிலேயே முந்தானை மூக்குக்குப் போயிற்று. மூன்றாவதில் எழுந்து வாசலுக்கு ஓடிவிட்டார். நானும் ஓடினேன். அருள்நாதன் சாரும் பின்னாலேயே வந்தார்.

"சாரு, தப்பா நெனச்சிக்காத. மூச்சுன்னாலே எனுக்குப் பேஜாரு" என்று அக்கா காஸ் வாடை வந்த கதையைச் சொன்னார்.

அவர் முழுக்கக் கேட்டார். "நான் அறியாம சொல்லிட்டேம்மா. மூச்சு வேணாம். அது எல்லாருக்கும் ஒத்து வராது" என்றார். அப்புறம் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து ஒரு கண்டெய்னர் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைத் தாண்டியது. அவர் வாய் அசைந்தது எனக்குத் தெரிந்தது, பாதிதான் கேட்டது. அக்கா மட்டும் கெட்டியாகத் தலையாட்டினார்.

"இன்னாக்கா சொன்னாரு?" என்று வழியில் கேட்டேன்.

"அடுத்த வாரம் வர்றப்போ சும்மாடு இருக்கணுமாம்."

"சும்மாடா? எதுக்கு?"

"யாருக்குத் தெரியும். தலையில ஏத்தக் குடுப்பாரு போல இன்னாவோ. பெரிய மன்ஷன் சொல்றாரு, எட்த்துக்கினு போவோம்."

அடுத்த சனிக்கிழமை எல்லாரும் உட்கார்ந்ததும், அக்கா மீன் பையிலிருந்து சும்மாட்டை எடுத்துத் தட்டித் தலையில் வைத்துக்கொண்டார். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முன்வரிசையில் இரண்டு பெண்பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"என்னம்மா இது?" என்றார் அருள்நாதன் சார்.

"நீதான சாரு சொன்ன. சும்மாடு இருக்கணும்னு."

அவருக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் அவரும் சிரித்துவிட்டார். "சும்மா இருக்கணும்னு சொன்னேம்மா. ஒண்ணும் செய்யாம, சும்மா."

கூடமே சிரித்தது. அக்காவும் சிரித்தார், ஆனால் சும்மாட்டை எடுக்கவில்லை. "சும்மா இருக்கறதுக்கு பஸ்சு ஏறி வரணுமா? அத்த வூட்லயே இருக்க முடியாமதான உன்னாண்ட வந்தேன்."

சிரிப்பு அடங்கிவிட்டது. அருள்நாதன் சார் யோசித்தார். "சரிம்மா, அதை வெச்சுக்கிட்டே உக்காருங்க. பார்ப்போம்."

"வெறுஞ்சும்மாட்ட வெச்சிக்கினு இன்னா பண்றது? மேல பாரம் வோணாமா?" அக்காவின் பார்வை மூலையில் இருந்த எவர்சில்வர் குடத்துக்குப் போயிற்று. குடிக்கிற தண்ணீர், பாதி இருந்தது. "மலிகா, ஒரு கை புடி."

பழகின கைதானே. அவர் உட்காரவில்லை, நின்றார். நான் தூக்க, அவர் வாங்கினார். குடம் சும்மாட்டில் அமர்ந்ததும் கையைத் தொங்கவிட்டார்.

மற்றவர்கள் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை, அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்து நேரானது. தோள் இறங்கியது. நெற்றியில் எப்போதும் இருக்கிற அந்தச் சுருக்கம், கசங்கின துணியைக் கையால் நீவிவிட்டது மாதிரி மெல்லப் போயிற்று. எங்கள் தெருவில் வாய் திறக்காமல் நடந்துபோனாரே, அந்த முகம் இப்படித்தான் இருந்திருக்கும். வெளியே லாரிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. டீசல் புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்துகொண்டுதான் இருந்தது. அவர் கை மூக்குக்குப் போகவேயில்லை.

முடிந்து குடத்தை இறக்கினபிறகு அருள்நாதன் சார் பக்கத்தில் வந்து கேட்டார். "வாடை ஏதாவது வந்துதாம்மா?"

"இன்னா வாடை?" என்றார் அக்கா. கேட்டபிறகுதான் அவருக்கே விளங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மனசுல என்ன ஓடுச்சு?"

"கொடம் மேல கீறப்போ எங்க ஓடறது சாரு? ஓடுனா ஊத்திக்குமே."

"அப்ப இதான் உங்களுக்கு. எனக்கு மூச்சு ஒத்து வந்துது, உங்களுக்குச் சும்மாடு. தினமும் செய்யுங்க" என்றார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் வியாபாரம் முடிந்ததும் அக்கா எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்துவிடுவார். நான் அஸர் தொழுது தஸ்பீஹோடு உட்கார்ந்திருப்பேன். அவர் தலையில் குடத்தோடு இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடப்பார். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "ஒருத்தி மணி உருட்டுறா, ஒருத்தி கொடம் தூக்குறா, இந்த வூட்ல தண்ணி கேட்டா யாரும் தர்றதில்ல" என்பார். அக்கா நடையை நிறுத்தாமல் தலையைத் திருப்பாமல் பதில் சொல்வார். "பாய், அந்தக் கொடம் மேலதான் கீது. எட்டி மொண்டுக்க."

ப்ரஷர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. தூக்கம் வந்தது. நர்மதாவுக்குச் சந்தோஷம். ஆனால் தேதி நெருங்க நெருங்க அக்கா முகம் மறுபடி சுருங்கியது. விஷயம் எங்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆபரேஷனுக்குப் படுக்கவேண்டும். படுத்தால் குடம் ஏது?

அருள்நாதன் சாரிடமே கேட்டார். "படுத்துக்கினு கொடம் தூக்கன பொம்பள எங்கனா கீறாளா சாரு?"

அவர் மழுப்பவில்லை. "எனக்குத் தெரியலம்மா. படுத்துப் பழகிப் பாருங்க. தலைமேல இருக்கறதா நெனச்சுப் பாருங்க."

பழகிப் பார்த்தார். எங்கள் கூடத்தில் பாயை விரித்துப் படுப்பார், நான் என் துப்பட்டாவை முகத்தில் போடுவேன். போட்ட நொடியிலேயே கை வந்து பிடுங்கிவிடும். "நெனப்புல பாரம் தெரியல மலிகா. நெனப்பு காத்தாட்டம் கீது" என்பார். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் ஆனது. இருந்த ஒரு கண்ணும் இருட்டிக்கொண்டே வந்தது. காசு வாங்கும்போது தாளைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

ஆபரேஷன் அன்றைக்கு நானும் நர்மதாவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். போகும்போது அக்கா எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. கதவு சாத்தினார்கள். நர்மதா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள், போன தடவை மாதிரி இப்போது திறக்கும், இப்போது திறக்கும் என்று. நான் தஸ்பீஹை எடுத்தேன். யா அல்லாஹ், மணி உருட்டுகிற எனக்குச் செவி கொடுக்கிற நீ, குடம் தூக்குகிற அவளுக்கும் செவி கொடு என்று கேட்டேன். ஓதக்கூட வரவில்லை, கேட்க மட்டும்தான் வந்தது.

கதவு திறக்கவில்லை. வெகுநேரம் திறக்கவில்லை. திறந்தபோது நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டு, இடது கண்ணில் கட்டோடு அக்கா நடந்து வந்தார். நர்ஸ் சிரித்துக்கொண்டே, "இவங்கள மாதிரி அசையாம படுத்த ஆளே இல்ல" என்றாள்.

பெஞ்சில் உட்காரவைத்து நர்மதா அழுதாள். அக்காதான் அவளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே நடந்ததைச் சொன்னார்.

"படுக்கவெச்சு மூஞ்ச மூடனாங்க. கை துடிச்சிக்கினு கெளம்புச்சு. அவ்ளோதான், போச்சுன்னு நெனச்சேன். அப்ப இந்த நர்சம்மா, தல நேரா இல்லன்னு சொல்ட்டு தூக்கி நகத்தி வெச்சுது. பின்னாண்ட ஏதோ வட்டமா அழுத்துது. இன்னாம்மா இதுன்னு கேட்டேன். தல ஆடாம இருக்கறதுக்கு ஒரு வளையம்மா, எல்லாருக்கும் வெப்போம்னுது. ஏம்மா, இது சும்மாடுன்னேன்."

"போன தடவ இல்லியாக்கா?"

"இருந்திருக்கும். எங்க பாத்தேன், அதுக்குள்ளதான் ஓடியாந்துட்டேனே." கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "தலையில சும்மாடு கீதுன்னா அப்றம் இன்னா, கூடைய ஏத்திக்க வேண்டிதான். தலையில வட்டமா அழுத்துனா என் கழுத்துக்குத் தானா தெரியும், ஆடக்கூடாதுன்னு. தேரடியாண்ட எறங்கி நடந்துக்கினே வந்தேன். வாயெல்லாம் கூவணும்னு அரிக்குது. டாக்டரம்மா பேசக்கூடாதுன்னு சொல்லிக்கீது. இன்னாடா பண்றதுன்னு பாத்தேன்."

"இன்னா பண்ணீங்க?"

"உங்க தெருவுக்குள்ள வந்துட்டேன். அங்கதான் கூவ வோணாமே. முடியற வரிக்கும் உங்க தெருவுலயே நடந்துக்கினு இருந்தேன்."

நான் தண்ணீர் பாட்டிலை மூடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

கட்டுப் பிரித்தபிறகு கண் நன்றாகத் தெரிந்தது. என்னைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை, "இன்னாமே, இவ்ளோ நரச்சிட்ட?" என்பதுதான். கொஞ்ச நாளில் கூடை மறுபடி தலைக்கு ஏறிவிட்டது. நர்மதா தடுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். வாடைப் பயம் அடியோடு போய்விட்டது என்று சொன்னால் பொய். காற்று திரும்பும்போது அவர் நின்று மோந்து பார்க்கிறதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கத்து சனங்கள் எல்லாருமே அப்படித்தான். ஆனால் மோந்துவிட்டு நடந்தார்.

போன வருஷம் எங்கள் மகனின் வேலைக்காக நாங்கள் ஆவடிக்குக் குடிபோகவேண்டி வந்தது. வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருக்கும்போது அக்கா வந்தார். கூடையை இறக்கக் கை கொடுத்தேன். மீன் ஏதும் கொடுக்கவில்லை, "புது வூட்ல போய் மொத நாளே நாற வெக்காத" என்றார். புறப்படும் நேரத்தில் தலையிலிருந்த சும்மாட்டை எடுத்து, உதறி, மறுபடி வட்டமாகச் சுற்றி என் கையில் வைத்தார். நீலச் சேலைத் துணி, நடுவில் அழுந்தி அழுந்தி மெத்தென்று இருந்தது.

"எனக்குத்தான் தஸ்பீஹ் இருக்கேக்கா" என்றேன்.

"இருக்கட்டும். என்னிக்கினா மணி ஒத்துக்காத நாளு வரும். அன்னிக்கு இத்த வெச்சிப் பாரு. இதுவும் ஒத்துக்கலன்னா அடுப்புல பாத்திரம் எறக்கற கரித்துணியா வெச்சிக்க, நான் கோச்சிக்க மாட்டேன்" என்ற அக்கா, முந்தானையைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டார். "இப்ப வா, கூடைக்கு ஒரு கை புடி."